மடியில் வைக்க வேண்டிய பிள்ளை

உங்கள் வீட்டுக் கதவிடுக்கின் வழியே ஒரு தீங்கு நழுவி அடுத்த வீட்டுக்குள் போவதை உங்களைத் தவிர வேறொருவரும் பார்க்கவில்லை என்றால், நீங்கள் என்ன செய்வீர்கள்? உடனே விடை சொல்லிவிட வேண்டாம். நல்ல விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில், பத்து மாதப் பிள்ளையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்த உலகேஸ்வரிக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்த விடையை வாய்க்குக் கொண்டுவருவதற்குள் ஒரு மனம் எத்தனை சந்துகளில் நுழைந்து திரும்புகிறது என்பதை மட்டும் அவளோடு கொஞ்ச தூரம் வந்து பாருங்கள்.

தென்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கழுத்து மடிப்பில் பவுடர் திரண்டு வெள்ளைக் கோடாய்க் கிடந்தது. அவள் அதை விரல் நுனியால் துடைத்தாள், துடைக்கிற சாக்கில் தடவிப் பார்த்தாள், வழவழப்பாகத்தான் இருந்தது, காதுக்குப் பின்னாலும் ஒன்றுமில்லை, நெற்றியில் புறங்கையை வைத்தாள், சூடு இருக்கிறதா, இல்லை, இது வெயிலின் சூடு, ஜன்னல் கம்பியும் இப்படித்தான் சுடுகிறது, பிள்ளை கம்பியைவிடச் சூடாக இல்லையே. மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. சாரல் முடிந்துபோன ஆவணி மாதம். மலைக்கு மேலே ஒரு மேகம் கூட இல்லை, பிள்ளை உடம்பிலும் ஒரு புள்ளி கூட இல்லை, எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்போது நாம் எதற்கு ஒன்றை எழுப்ப வேண்டும், இன்றைக்குச் சொர்ணம் மதினிக்கு வளைகாப்பு. உலகேஸ்வரியின் கணவனுக்கு அக்காள் சொர்ணம். கல்யாணமாகிப் பத்து வருடம் வெறும் மடியோடு அடுத்தவர் வளைகாப்புகளுக்கெல்லாம் போய், பின்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, சிரித்து, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டவள். இப்போது ஒன்பதாம் மாதம். இன்று வளையல் அடுக்கி முடித்ததும் அவள் மடியில் ஓர் ஆண் பிள்ளையை உட்கார வைத்து ஆரத்தி எடுப்பார்கள். அது அந்தக் குடும்பத்து வழக்கம். அந்தப் பிள்ளை தென்னவன்தான் என்று மாமியார் என்றோ முடிவு செய்துவிட்டாள். "வேற எவன் பிள்ளையும் வேண்டாம், என் பேரன்தான் உக்காருவான்" என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டாள். பட்டு வேட்டி ஒன்று, கைக்குட்டை அகலத்துக்கு, பையில் இருக்கிறது. அதைத் தொட்டபோது உலகேஸ்வரியின் விரல் சுருங்கியது. மடியில் வைத்தால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. ஆகலாம். பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டால் போதும். பிள்ளை அழுகிறான் என்று சொல்லி வெளியே கொண்டுபோய்விடலாம். ஆனால் மாமியார் விடமாட்டாள், வாயில் ஒரு கல்கண்டைத் திணித்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

எல்லாம் அந்த வேப்பிலையால் வந்தது. இல்லை, வேப்பிலையைக் குற்றம் சொல்லக்கூடாது, அது தன் வேலையைச் செய்தது. ஆடிக் கடைசி வெள்ளி, தெருவில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. வாசலுக்கு வாசல் வேப்பங்குழை தொங்கியது, மின்கம்பத்தில் கூட ஒரு கொத்து. அடுத்த வீட்டு உச்சிமாகாளியக்கா தன் வாசலில் கட்டியிருந்த குழையை உலகேஸ்வரி பார்க்கத்தான் செய்தாள். பார்த்தும், கொடைக்குக் கட்டியது என்றே எண்ணினாள். எவள்தான் வேறு மாதிரி எண்ணியிருப்பாள். அம்மை கண்ட வீட்டின் அடையாளமும் அம்மனைக் கும்பிடும் வீட்டின் அடையாளமும் ஒன்றாக இருக்கும் ஊரில், தெரு முழுக்க அடையாளமாகிவிட்டால் அடையாளம் எங்கே இருக்கிறது? எங்கும் மணி அடித்தால் தீ பிடித்த வீடு எது என்று யாருக்குத் தெரியும்? குழாயில் தண்ணீர் வந்த நேரம். எப்போதும் போலத் தென்னவனைக் காளியக்கா வீட்டுக்குள் விட்டாள். காளியக்காவின் மகள் அபிதா அவனைப் பொம்மை மாதிரி வைத்துக்கொள்வாள். உள்ளே அரையிருட்டு. பாயில் படுத்திருந்த அபிதா கையை மட்டும் நீட்டி "வாடா தடியா" என்றாள். அந்தக் குரல் கொஞ்சம் கம்மியிருந்ததே, அதையாவது கவனித்திருக்கலாமே என்று இப்போது பேருந்தின் இரைச்சலுக்குள்ளே அந்தக் குரல் மறுபடி மறுபடி வந்தது, வாடா தடியா, வாடா தடியா. தண்ணீர் பிடித்தாள், துணி அலசினாள், பக்கத்துத் தெரு மைக் செட்டில் வில்லுப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குப் பீடி கொடுக்கப் போயிருந்த காளியக்கா திரும்பி வந்து, ஒரே பாயில் தன் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒட்டிப் படுத்துத் தூங்குவதைப் பார்த்திருக்கிறாள். அங்கே அவள் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்? உலகேஸ்வரி இதைத்தான் அடிக்கடி நினைக்கிறாள். அந்த நிலைப்படியில், பீடித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரும் பார்க்காத அந்தக் கொஞ்ச நேரம். பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டு "சமத்தாத் தூங்குனான்" என்று சொல்லியிருக்கலாம். பிறகு அம்மை கண்டால் ஊரெல்லாம் கொடைக்கூட்டம், எங்கே தொற்றியது என்று யார் சொல்ல முடியும். ஆனால் அவள் நேரே வந்து, கல்லில் துவைத்துக்கொண்டிருந்தவளுக்கு எட்டி நின்று சொன்னாள்.

"உலகு, ஒண்ணு சொல்லுதேன். திட்டணும்னா திட்டிக்கோ. அபிதாவுக்கு அம்மன் வந்திருக்கா. காலையிலதான் முத்துப் போட்டிருக்கு. வாசல்ல கட்டியிருந்தேன், நீ கொடைக்குக் கட்டுனதுன்னு நெனச்சிருப்ப. ஒம்பிள்ள அவ பக்கத்துலயே படுத்துக் கெடக்கான்."

"யக்கா..."

"நான் வாயத் தொறந்து சொல்லிட்டுப் போயிருக்கணும். எலைய நம்பிட்டுப் போய்ட்டேன். பாம்பு நம்ம வீட்டுல இருந்து அடுத்த வீட்டுக்குப் போறதப் பாத்துட்டு, அப்பாடா நம்ம வீட்டுல இல்லன்னு கதவச் சாத்திட்டுப் படுக்க முடியுமாட்டி? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போ."

அவள் அதைச் சொன்னதற்கு என்ன விலை கொடுத்தாள் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது. அம்மை கண்ட வீட்டுப் பீடி வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். தெருவில் செய்தி பரவியது உலகேஸ்வரியால் அல்ல, துவைக்கிற இடத்தில் இன்னும் இரண்டு காது இருந்தன. இருந்தும் காளியக்கா முகம் சுளிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, சுற்ற இலை இல்லாமல் வெறுங்கையைப் பிசைந்துகொண்டு, "பிள்ளைக்குச் சூடு இருக்கா?" என்று கிட்டே வராமல் அங்கிருந்தே தினமும் கேட்டாள். அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் காலையில் உலகேஸ்வரியின் நெஞ்சில் ஒரு குளிர்ந்த கையை வைத்தது. இப்படி ஒரு பெண்ணை அடுத்த வீட்டில் கொடுத்திருக்கிறதே, நாம் என்ன செய்தோம் அதற்கு? கோபமே வரவில்லை. கோபப்பட ஒரு இடம் தேடினாள், அங்கேயும் காளியக்காவின் முகம்தான் இருந்தது, பயந்தும் பயப்படாமலும். அந்த முகத்துக்கு நன்றி சொல்ல இன்னும் சொல் கிடைக்கவில்லை. நன்றி என்பது அந்த வீட்டோடு முடிந்துபோகிற கடனா, கையில் வாங்கிய சுடரை அடுத்த விளக்கில் ஏற்றுவதா? இந்தக் கேள்வி வந்ததும் மனம் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே ஓடியது. எலுமிச்சைத் தோட்டம், வாழை, ஒரு செங்கல் சூளை, வாழை. கடையம் வந்துவிட்டது.

பேருந்து நின்றது. கொடைக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்கள். கூட்டம் வாசல் வரைக்கும் இருந்தது, ஆனாலும் உட்கார வைத்துச் சொன்னார்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகவில்லை, அதனால் ஊசி இப்போது இல்லை, உனக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா, வந்திருக்கிறதா, சரி, அப்படியானால் பிள்ளைக்கு உன்னிடமிருந்து கொஞ்சம் காவல் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, மூன்று வாரம் வரைக்கும் கவனமாகப் பார், காய்ச்சல் கண்டால் உடனே கொண்டு வா. அவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பயணத்தில் இந்த உறுத்தல் இருந்திருக்காது. அவர்கள் எழுந்து போகிறவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். "வீட்ல, சொந்தத்துல கர்ப்பிணி யாராவது இருக்காங்களா? அவங்க பக்கம் பிள்ளையைக் கொண்டு போகாதே. தொட்டாத்தான் வரும்னு இல்ல, ஒரே அறையில காத்து போதும். கொப்புளம் தெரியறதுக்கு முந்தியே பரவ ஆரம்பிச்சிரும். கடைசி மாசத்துல வந்தா தாய்க்கும் ஆபத்து, பிறக்கிற பிள்ளைக்கும் ஆபத்து." கொப்புளம் தெரிவதற்கு முன்பே. இந்தச் சொல்தான் முள். புள்ளி இல்லை என்று தடவித் தடவிப் பார்க்கிற விரலை இந்தச் சொல் ஒவ்வொரு முறையும் தட்டிவிடுகிறது. மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருக்கிறது. வந்தால் இப்போது வரவேண்டிய நேரம். மதினிக்கு அம்மை வந்ததில்லை. அது அந்தக் குடும்பத்தின் பெருமைக்கதை. வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டபோது அவள் மட்டும் அத்தை வீட்டில் இருந்தாளாம், "சொர்ணத்தை அம்மனே தொடல, அவ்வளவு சுத்தம்" என்று மாமியார் சொல்லிச் சிரிப்பாள். தொடாததா சுத்தம், தொடாததுதான் இப்போது பயம்.

ஆனால் கணவன் சங்கரன் என்ன சொன்னான்? பந்தல் வேலைக்கு என்று முன்கூட்டியே அம்பாசமுத்திரம் போய்விட்டவன், போனில் சொன்னான். "பிள்ள நல்லாத்தான இருக்கான்? அப்புறம் என்ன? விசேஷ வீட்ல போயி அம்மை கிம்மைன்னு ஆரம்பிச்சிராத. பத்து வருசத்துக்கு அப்புறம் அக்கா முகத்துல சிரிப்பப் பாக்கேன். நீ ஒண்ணும் கெடுத்திராத." கெடுத்திராத. அவனையும் குறை சொல்ல முடியவில்லை. அக்காவின் சிரிப்பைக் காப்பாற்ற நினைக்கிறான். சிரிப்புக்குப் பின்னால் நிற்பதைக் காப்பாற்றவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சொன்னால் என்ன சொல்வார்கள்? வாரிசு வயிற்றில் இருக்கும்போது அபசகுனம் சொன்னவள். தன் பிள்ளையை மடியில் வைக்க மனமில்லாதவள். மதினிக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் தன் பிள்ளையின் செல்லம் குறையும் என்று பொறாமைப்பட்டவள். இந்த வரிகள் ஒவ்வொன்றும் யார் யார் குரலில் வரும் என்பது வரைக்கும் அவளுக்குக் கேட்டது. காளியக்காவுக்கும் இப்படித்தான் கேட்டிருக்குமோ, நிலைப்படியில், பீடித்தட்டோடு? கேட்டிருக்கும். கேட்டும் வந்தாள். சரி, பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரே அறையில் காற்று போதும். வெளியே பந்தலில் நிற்கலாம். பட்டு வேட்டி எங்கே என்று மாமியார் அங்கேயும் வருவாள். மனம் செக்குமாடு மாதிரி அதே வட்டத்தில் வந்து அதே இடத்தில் நின்றது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்ததை அவள் சரியாகப் பார்க்கவில்லை. சந்தன நிறப் புடவை, கையில் ஸ்கேன் கவர், மூச்சு வாங்கியது. வண்டி கிளம்பிய குலுக்கலில் தென்னவன் கண் விழித்தான். விழித்ததும் அவனுக்குக் கேட்டது கண்ணாடி வளையல்களின் கலகல. ஒரு கை நிறைய, முழங்கை வரைக்கும், பச்சையும் சிவப்பும். அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தின் மேல் பாய்ந்தான்.

"ஆத்தி, வா வா, என் ராசா! யாரு பெத்த தங்கம்? குடுங்கக்கா, நான் வச்சிக்கிடுதேன். நீங்க பையப் பிடிச்சிக்கிடுங்க."

எங்கள் பேருந்துகளில் பிள்ளைகள் இப்படித்தான் பயணம் செய்கின்றன. நிற்பவள் பிள்ளையை உட்கார்ந்திருப்பவள் வாங்கிக்கொள்வாள், பெயர் கேட்க மாட்டாள். எந்த மடியும் அந்நிய மடி இல்லை. நல்ல வழக்கம். அந்தப் பழக்கத்தில் உலகேஸ்வரியின் கைகளும் தளர்ந்தன. தென்னவன் அந்தப் பெண்ணின் மடிக்குப் போய், மடியில் இடமில்லாமல், மேடிட்ட வயிற்றின் மேல் கன்னத்தைச் சாய்த்தான். வயிறு. வளையல். முழங்கை வரைக்கும் வளையல். எதற்காக ஒருத்தி இத்தனை வளையல் போடுவாள்? உலகேஸ்வரி என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் பிள்ளையைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். அவன் வீரிட்டான். பேருந்து திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "ஏன்க்கா, எம்மடியில என்ன முள்ளா இருக்கு? கடிச்சாத் திங்கப் போறேன்?"

"இல்லம்மா, இல்ல." அழுகிறவனைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, இத்தனை நாள் அடைத்து நின்றது, ஒரே மூச்சில் வந்தது. "இவனுக்கு அம்மை தொத்தியிருக்கலாம். பக்கத்து வீட்ல ஒரே பாயில படுத்துக் கெடந்தான். இன்னும் ஒண்ணும் தெரியல, ஆனா தெரியறதுக்கு முன்னயே பரவும்னு டாக்டரம்மா சொன்னாவ. நீங்க மாசமா இருக்கிய. மன்னிச்சிருங்க. ஒங்க மடில முள்ளு இல்ல, எங்கிட்டதான் இருக்கு."

அந்தப் பெண் தன் புருவத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே சின்னதாக ஒரு குழி. "எனக்கு ஆறாப்பு படிக்கும்போதே வந்தாச்சுக்கா. நேத்துதான் டாக்டர்ட்டயும் கேட்டுக்கிட்டேன், ஒருக்கா வந்தவளுக்குப் பயமில்லன்னாவ. சரி, விடுங்க." மூச்சை விட்டாள். சிரித்தாள். "ஆனா சொன்னியள்ளா, அது போதும். இந்தக் காலத்துல எவ சொல்லுதா? எங்க தெருவுல ஒருத்தி பிள்ளைக்கு மெட்ராஸ் ஐ. கறுப்புக் கண்ணாடியப் போட்டு ஸ்டைலா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டா. மொத்த வகுப்பும் கறுப்புக் கண்ணாடியோட திரிஞ்சிது." முன் இருக்கையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கக்கா போறிய?"

"வளைகாப்புக்கு."

அந்தப் பெண் தன் வளையல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக மேலே தள்ளி, கீழே விட்டாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, இருந்திருந்தால் உலகேஸ்வரி எதிர்த்து வாதாடியிருப்பாள். வளையல் கலகலத்தது, அவ்வளவே. பெயர் தெரியாத ஒரு வயிற்றுக்காக ஒரு மூச்சில் சொல்ல முடிந்ததை, பத்து வருடம் தான் கூட இருந்து அழுத ஒரு வயிற்றுக்காகச் சொல்ல முடியவில்லை. அந்நியரிடம் உண்மை சொல்வது எளிது, அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். உண்மை கடினமாவது, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவரிடம். காளியக்கா நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவள்தானே? ஒரே சுவர், ஒரே குழாய். அவள் கையில் ஏற்றிக் கொடுத்த சுடர் பதினைந்து நாளாய் முந்தானைக்குள் மறைந்து கிடந்திருக்கிறது. மறைத்து வைத்த சுடர் முதலில் சுடுவது முந்தானையைத்தான். கடனா நதிப் பாலம் வந்தது. கீழே தண்ணீர் பாறைகளுக்கு நடுவே மெலிந்து ஓடியது, ஒளி பட்ட இடமெல்லாம் வளையல் துண்டு மாதிரி மின்னியது. உலகேஸ்வரி எழுந்து நின்றாள். "ஆழ்வார்குறிச்சில ஒரு ஆளு எறக்கம்" என்று கண்டக்டரைப் பார்த்துச் சொன்னாள். "அம்பாசமுத்திரத்துக்குல்லா டிக்கட் எடுத்திய?" என்றார் அவர். "ஆமா. இங்கயே எறங்கிக்கிடுதேன்." பக்கத்திலிருந்தவள் கால்களை ஒடுக்கி வழிவிட்டாள். "நல்லபடியா இருப்பான்க்கா" என்றாள். பிள்ளையைத் தொடவில்லை, வளையல் கையை மட்டும் அவனுக்கு எதிரே ஒருமுறை குலுக்கிக் காட்டினாள். அவன் சிரித்தான்.

நிறுத்தத்தின் வேப்பமரத்தடியில் ஒருவரும் இல்லை. போனில் மறுமுனை எடுத்தபோது நாதஸ்வரம், குழந்தைகள், யாரோ யாரையோ ஏசும் சத்தம். பிறகு சொர்ணத்தின் குரல். "ஏட்டி உலகு, எங்க இருக்க? உம்மாமியா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து கால் தேய்ஞ்சிட்டு." உலகேஸ்வரி சொன்னாள். வேப்பிலை, பாய், டாக்டரம்மா, எல்லாவற்றையும். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், பாதிக்கு மேல் முடியவில்லை.  மதினி கூட்டத்தை விட்டு எழுந்து போகிறாள் போலும், நாதஸ்வரம் தூரமானது, ஒரு கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

"முன்னாடியே சொல்லித் தொலச்சா என்னட்டி? நானே அம்மாட்டப் பக்குவமாச் சொல்லியிருப்பேன்லா. இப்ப மடியில எதத் தூக்கி வைக்க? அம்மிக் குழவியவா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்தது. "உலகு. எத்தன வளைகாப்புல பின்னால ஒக்காந்திருந்தேன் தெரியுமா? எவளாவது எனக்காக ஒண்ணு யோசிச்சாளா? நீ எனக்காகப் பஸ்ஸ விட்டு எறங்கியிருக்க. என் மடி எங்கயும் போயிராது, எல்லாம் நல்லபடியா முடிஞ்ச பெறவு அவன் வந்து ஒக்காந்துக்கிடலாம். எம்பிள்ளைக்கும் அவனுக்கும் எடமிருக்கும் அப்ப. அங்கனயே நில்லு, சங்கரனப் பைக்கக் குடுத்து அனுப்புதேன், வீட்ல விடச் சொல்லுதேன். ஏசுவான், ஏசட்டும், நான் ஏசுனதாச் சொல்லு. வச்சிருதேன், அழுதா மை கரையும்னு கத்துதாவ."

போன் அணைந்தது. உலகேஸ்வரி பிள்ளையின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டாள். காளியக்காவுக்கு, டாக்டரம்மாவுக்கு, பெயர் கேட்காத அந்த வளையல் கைக்கு, மை கரைய அழுதவளுக்கு, இத்தனை பேரை ஒரு பிள்ளையைச் சுற்றி நிற்க வைத்த எதற்கோ, அவள் உதடு அசைந்தது. உச்சியில் சூடு இருந்தது. வெயிலோ, வேறோ. இம்முறை அவள் தடவிப் பார்க்கவில்லை.

அவனுக்கு அம்மை வந்ததா என்று கேட்பீர்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. வந்திருந்தால் அவள் செய்தது சரியென்றும், வராதிருந்தால் வீண் என்றும் நீங்கள் கணக்குப் போட்டுவிடுவீர்கள். அவள் அந்த மரத்தடியில் நின்று வாய் திறந்தபோதே அது சரியாகிவிட்டது. உடம்பு பிறகு என்ன சொன்னாலும் அது மாறாது. ஆகவே முதலில் கேட்டதைத் திரும்பக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் இன்று ஒரு பிள்ளை உடம்பில் முத்துப் போட்டிருக்கிறதா? நேற்று அவன் யார் மடியில் உட்கார்ந்தான், யார் பாயில் படுத்தான்? வாசலில் இலையைக் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இலை பேசும் என்று நம்பி உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்து செருப்பை மாட்டுங்கள். எட்டி நின்றாவது அந்தக் கதவைத் தட்டுங்கள். வளைகாப்பு முடியட்டும், நல்ல நாள் கழியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். உங்கள் குரலுக்காக ஒரு மடி அங்கே தெரியாமல் காத்திருக்கிறது. இன்றே, இந்தப் பக்கத்தை மூடியவுடனே, போய்ச் சொல்லுங்கள்.